மூட்டை முன்னே, மனிதன் பின்னே

நடந்து போகிற யாத்திரையில் மூட்டையை மட்டும் வண்டியில் முன்னே அனுப்பிவிடலாமா, கூடாதா என்று ஒரு சண்டை வெகு நாளாக நடந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் அல்ல, ஸ்பெயின் தேசத்தில். இந்தச் சண்டையில் நானும் ஒரு கட்சிக்காரன். அனுப்பக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் என் கட்சியில் இருக்கிற மற்றவர்கள் சொல்கிற காரணங்கள் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆகவே முதலில் அவர்களோடு சண்டை போட்டு முடித்துவிட்டு, அப்புறம் எதிர்க்கட்சிக்காரர்களிடம் வருகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்று ஒரு நகரம் இருக்கிறது. ஏசுநாதரின் சீடர்களில் ஒருவரான யாகப்பரின் கல்லறை அங்கே இருப்பதாகக் கத்தோலிக்கர்களுக்கு நம்பிக்கை. நம் கடற்கரையோரத்துக் கிறிஸ்தவர்கள் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறார்களே, அவர்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் அங்கே நடந்து போயிருக்கிறார்கள். வழிகள் பல. பிரெஞ்சு எல்லைக்குள் பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் சேன்-ஜான்-பியே-த-போர் என்ற ஊரிலிருந்து கிளம்பும் வழிக்குத்தான் பேர் அதிகம். அதன் நீளம் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். இடையில் இந்த வழி ஏறக்குறைய மறந்துபோன வழியாகக் கிடந்தது. 1986-ஆம் ஆண்டில், எல்லா வழிகளிலும் நடந்து போய்ச் சந்தியாகோவில் சான்றிதழ் வாங்கியவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 2024-இல் அந்தக் கணக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம்.

ஐந்து இலட்சம் பேர் நடக்கிற இடத்தில் வியாபாரம் சும்மா இருக்குமா? மூட்டை அனுப்புவது இன்று அங்கே ஒரு பெரிய தொழில். இரவு தங்கும் விடுதியிலேயே ஓர் உறை கொடுப்பார்கள். உங்கள் பெயர், டெலிபோன் எண், நாளை இரவு தங்கப் போகும் விடுதி, ஊர் எல்லாவற்றையும் அதில் எழுதி, ஐந்தாறு யூரோவை உள்ளே வைத்து, மூட்டையின் வாரில் கட்டிவிட வேண்டும். டெலிபோனிலேயே இந்த ஏற்பாட்டை முடித்துவிடுகிறவர்களும் உண்டு. காலையில் மூட்டையை விடுதி வாசலில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நீங்கள் நடக்கலாம். வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். மத்தியானம் நீங்கள் வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேரும்போது, மூட்டை உங்களுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருக்கும். தனியார் கம்பெனிகள் பல இருக்கின்றன. ஸ்பெயின் தபால் இலாகாவும் இந்த வேலையைச் செய்கிறது. ஒழுங்காகவே செய்கிறார்கள். மூட்டை தொலைந்துவிட்டது என்று அழுதவர் ஒருவரையும் நான் அங்கே பார்க்கவில்லை.

நானும் அந்த வழியில் நடந்தேன். பிரனீஸ் மலையை விட்டுவிட்டு, லோக்ரோஞோ நகரத்திலிருந்து ஆரம்பித்து சுமார் 600 கிலோமீட்டர், முப்பத்திரண்டு நாள். நான் கிறிஸ்தவனல்ல. கதை எழுதுகிறவன். ஒரு கூட்டம் ஒரே திசையில் நடப்பதைக் கண்டால் கூடவே போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிற ரகம். அவ்வளவுதான் என் தகுதி.

இனி என் கட்சிக்காரர்கள். சாயங்கால வேளையில், விடுதிக் கூடத்தில், இவர்களைச் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். தோளில் வார் அறுத்த தழும்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "நிஜமான யாத்திரிகன் தன் மூட்டையைத் தானே சுமப்பான்" என்று, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்கள். தோளில் சின்னப் பையோடு, கசங்காத சட்டையோடு யாராவது உள்ளே வந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வைக்கென்று ஒரு வார்த்தையே ஸ்பானிஷ் பாஷையில் பிறந்திருக்கிறது. உல்லாசப் பயணி என்ற சொல்லின் தலையையும் யாத்திரிகன் என்ற சொல்லின் வாலையும் ஒட்டவைத்து, 'தூரிகிரீனோ' என்கிறார்கள். வசைச் சொல்தான். நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்து எதிர் இலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய முகம் அப்படியே இவர்களுக்கும் இருந்தது.

இவர்களை நான் கேட்கிறேன்: எந்தக் காலத்து யாத்திரிகனைச் சொல்கிறீர்கள்? பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொகுத்த கலிக்ஸ்தினுஸ் சுவடி என்று ஒன்று இருக்கிறது. அதன் கடைசிப் பகுதி இந்த வழிக்கு ஒரு கையேடு. எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் வருகிறது. லோர்கா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் உப்பாறு. அதன் கரையில் இரண்டு பேர் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்களாம். யாரை வெட்ட? யாத்திரிகர்களை அல்ல, அவர்களுடைய குதிரைகளை! தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாகும் குதிரைகளின் தோலை உரிப்பதற்காகக் காத்திருந்தார்கள். இதை எழுதியவரே குதிரையோடு போனவர். வசதி படைத்தவன் குதிரையில் போனான். அடுத்தவன் கழுதையில் மூட்டையை ஏற்றினான். ஒன்றும் இல்லாதவன்தான் சுமந்தான், அவனிடம் சுமக்கவும் அதிகம் இருக்கவில்லை.

இன்னும் கேளுங்கள். மூட்டையை அனுப்புவது என்ன பெரிய விஷயம், அந்தக் காலத்தில் ஆளையே அனுப்பினார்கள். நேர்ந்துகொண்டவர் வீட்டில் இருப்பார், கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவன் அவருக்காக நடப்பான். செத்துப்போனவர்கள் உயிலில் பணம் ஒதுக்கி வைத்து, தங்களுக்காக யாராவது நடக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்கள். புண்ணியம் பெயர் மாறிச் சேரும் என்று நம்பினார்கள். இதற்கு முன்னால் வேனில் போகிற ஒரு பை எம்மாத்திரம்?

அதுவும் போகட்டும். அந்தக் காலத்து யாத்திரிகன் சந்தியாகோ போய்ச் சேர்ந்ததும் பாதி யாத்திரைதான் முடிந்தது. அவன் திரும்பியும் நடக்க வேண்டும். என் கட்சியின் வீரர்கள் என்ன செய்கிறார்கள்? கோவிலைப் பார்த்த மறுநாள் ஆகாய விமானம் ஏறுகிறார்கள். 780 கிலோமீட்டர் சுமந்த மூட்டையை விமானக் கம்பெனியின் தராசில் வைத்து அனுப்பிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கணம் வரைக்கும் நிஜமான யாத்திரிகன், அதற்கப்புறம் வேறு ஆளா? தவிர, அந்த மூட்டையைத்தான் பாருங்களேன். காற்றுப்போல் கனமில்லாத துணி, முதுகுக்கு இதமான சட்டம். நம் ஊரில் ஒரு குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளம் ஆகும். காசு கொடுத்துக் கனத்தைக் குறைத்தவர், காசு கொடுத்துக் கனத்தை அனுப்பியவரைப் பார்த்து ஏளனம் செய்கிறார்!

சந்தியாகோ கோவில்காரர்களே இந்த வம்புக்குப் போவதில்லை. கடைசி 100 கிலோமீட்டரை நடந்தோ, குதிரையிலோ கடந்திருக்க வேண்டும், சைக்கிளில் வந்தால் 200 கிலோமீட்டர். வழியில் யாத்திரைப் புத்தகத்தில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். பக்தியோ ஆன்மத் தேட்டமோ காரணமாயிருக்க வேண்டும். சான்றிதழுக்கு இவைதாம் நிபந்தனைகள். உன் மூட்டையை யார் சுமந்தார்கள் என்ற கேள்வி அதில் இல்லை.

கஷ்டப்பட்டால்தான் பக்தி என்ற எண்ணத்தை நான் எங்கே கண்டாலும் எதிர்ப்பேன். கஷ்டத்தை எடை போட்டு, எடைக்கு எடை புண்ணியம் கொடுக்க ஆண்டவன் என்ன பழைய இரும்புக் கடையா வைத்திருக்கிறான்? என்னோடு நான்கு நாள் கூட நடந்த ஒரு டச்சுக்கார அம்மாளுக்கு எழுபத்தொரு வயது. இடுப்பெலும்பை மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூட்டையை வேனில்தான் அனுப்பினார்கள். அனுப்பாவிட்டால் அவர்கள் நடந்திருக்கவே முடியாது. அந்த அம்மாளைப் பார்த்து யாராவது 'தூரிகிரீனோ' என்றால், சொன்னவனுடைய மூட்டையைப் பிடுங்கி வயலில் எறிய நான் தயார். முடியாதவர்கள் அனுப்பட்டும். அதில் எனக்கு வாதமே இல்லை.

என் வாதமெல்லாம் முடிந்தவர்களோடுதான். முப்பது வயது, நாற்பது வயது, கல்லைத் தின்றாலும் ஜீரணமாகிற உடம்பு. "எதற்கு வீணாகச் சுமப்பது? ஐந்து யூரோதானே!" என்கிறார்கள். ஐந்து யூரோ மட்டும் அல்ல என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கலீசியாவில் ஒரு சிற்றூர். மே மாதம், காலை பதினொன்றரை மணி. விடுதி வாசலில் சுவரை ஒட்டி வரிசையாகப் பத்தொன்பது மூட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் வாரிலும் ஓர் உறை, உறையின் மேல் ஒரு பெயர். மூட்டைகளின் சொந்தக்காரர்கள் ஒருவரும் வந்து சேரவில்லை. எங்கேயோ பத்துக் கிலோமீட்டருக்குப் பின்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். அப்போது கொரியா தேசத்துப் பெண் ஒருத்தி வந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, தன் மூட்டையைத் தானே சுமந்து, அந்த ஊருக்கு அன்றைக்கு முதலாவதாக வந்தவள் அவள்தான். விடுதிக்காரி மிகவும் வருத்தத்தோடு கையை விரித்தாள். இடம் இல்லை. அந்தப் பெண் கூடத்தைப் பார்த்தாள், காலிக் கட்டில்களைப் பார்த்தாள், பிறகு அந்த மூட்டை வரிசையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தாள். அது இன்னும் எட்டுக் கிலோமீட்டர். அங்கேயும் இப்படி ஒரு வரிசை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இதற்கு எதிர்க்கட்சியார் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "முன்கூட்டிப் படுக்கை பிடிப்பது வேறு, மூட்டை அனுப்புவது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்" என்பார்கள். குழப்பவில்லை. மூட்டையை அனுப்பாமலும் படுக்கை பிடிக்கலாம், வாஸ்தவம். ஆனால் படுக்கை பிடிக்காமல் மூட்டையை அனுப்ப முடியாதே! அந்த உறையில் ஒரு விலாசம் எழுதித்தானே ஆக வேண்டும்? ஒருவன் மூட்டையை அனுப்பத் தொடங்கிய அன்றைக்கே, அவன் எந்த ஊரில் எந்தக் கட்டிலில் படுப்பான் என்பது முடிவாகிவிடுகிறது. சிலருக்கு முப்பது நாளைக்குமான கட்டில்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்கின்றன.

ஆனால் இந்த வழியின் உயிரே அது முடிவாகாமல் இருப்பதுதான். எலியாஸ் வலீஞா என்று ஒரு பாதிரியார். ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்துப் பங்குச் சாமியார். மறந்துபோன இந்த வழியை மறுபடியும் ஜனங்கள் நடக்க வேண்டும் என்று பாடுபட்டவர். 1980-களில் மஞ்சள் பெயிண்டை எடுத்துக்கொண்டு போய் மரத்திலும் பாறையிலும் சுவரிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். 1989-இல் அவர் இறந்தார். அந்த மஞ்சள் அம்பு இன்றைக்கும் வழி நெடுக இருக்கிறது. அதைப் பார்த்து நடக்கிறவனுக்கு வரைபடம் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், நாளை எங்கே என்ற கவலை வேண்டாம். இந்தப் பக்கம் போ என்று மட்டும் அம்பு சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. அதைத் தீர்மானிக்க வேண்டியவை உன் கால்களும், வானமும், வழியில் சந்திக்கிற மனிதர்களும்தாம். மூட்டையை அனுப்பியவனுக்கு அந்த அம்பினால் பாதிப் பிரயோஜனம்தான்.

விடுதிகளிலும் இதனால் இரண்டு ஜாதி ஏற்பட்டுவிட்டது. கலீசிய அரசாங்கத்தின் விடுதிகளில் முன்பதிவு கிடையாது. முந்தி வந்தவருக்கு இடம். வண்டித் துணையோடு வருகிறவர்களுக்கு வரிசையில் கடைசி இடம். கோவில்களும் சங்கங்களும் நடத்துகிற சத்திரங்கள் பலவற்றில் வேன் மூட்டையை வாங்குவதே இல்லை. கிராஞோன் என்று ஓர் ஊர். அங்கே கோவிலை ஒட்டினாற்போலவே சத்திரம், தரையில் பாய் விரித்துப் படுக்கை. எல்லோரும் கூடிச் சமைத்து ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். கட்டணம் இல்லை. காசுப் பெட்டி ஒன்று திறந்தே இருக்கிறது. முடிந்தவர் போடலாம், தேவையானவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்! நான் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அங்கே தங்கினேன். வெங்காயம் உரித்தேன். எனக்கு அடுத்த பாயில் ஒரு லாரி டிரைவர், அதற்கடுத்த பாயில் ஒரு கண் டாக்டர். உரித்த வெங்காயத்துக்கு யார் அழுதது அதிகம் என்று இருவருக்கும் போட்டி. இப்படிப்பட்ட இடங்களெல்லாம் உறையில் விலாசம் எழுதுகிறவனுக்கு இல்லை. அவன் அவற்றின் வாசலைத் தாண்டி, தன் பெயர் எழுதிய மூட்டை காத்திருக்கும் வேறோர் இடத்துக்குப் போக வேண்டியவன்.

போக வேண்டியவன் என்று நான் சொல்வதில் மிகை இல்லை. ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். கரியோன் தெ லோஸ் கோந்தேஸ் என்று ஓர் ஊர். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் சத்திரம் உண்டு, சாயங்காலத்தில் அவர்கள் பாட, யாத்திரிகர்கள் கூடப் பாடுவார்கள். அந்த ஊரை விட்டால் அடுத்த ஊர் கல்சதியா தெ லா குவேசா. நடுவே 17 கிலோமீட்டர். ஒரு வீடு இல்லை, கடை இல்லை, நிழலும் இல்லாத பொட்டல். இந்த மனிதர் கரியோனுக்கு ஆறு கிலோமீட்டர் முந்திய ஊரிலிருந்து காலையில் கிளம்பியிருக்கிறார். வழியில் கால் பிசகி, கணுக்கால் கொய்யாப்பழம்போல வீங்கிவிட்டது. கரியோனுக்கு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது காலை ஒன்பதரை மணி. ஊரில் வைத்தியம் பார்க்க இடம் இருக்கிறது. படுக்கச் சத்திரம் இருக்கிறது. பாட்டுக்கூட இருக்கிறது. நான் சொன்னேன், "ஐயா, இன்றைக்கு இங்கேயே இருந்துவிடுங்கள்." அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "என் மூட்டை கல்சதியாவில் இருக்கிறதே!" என்றார். மாற்றுத் துணி அதில். படுக்கும் பை அதில். மாத்திரைகள்கூட அதில்தான். டாக்ஸி பிடித்தால் நடை முறிந்துவிடும் என்று அதற்கும் மனம் வரவில்லை. கிளம்பிவிட்டார். அந்தப் பதினேழு கிலோமீட்டரை அவர் நடந்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. மறுநாள் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டார். உடம்புக்குக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் அவர் மூட்டையை அனுப்பியது. வீங்கிய காலோடு அவரைப் பொட்டலில் இழுத்துக்கொண்டு போனது அந்த மூட்டைதான்.

சுமக்கிறவனுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. எங்கே கால் ஓய்கிறதோ அங்கே அவன் வீடு.

இன்னொரு விஷயம். சுமக்கிற மூட்டை இளைக்கும், அனுப்புகிற மூட்டை கொழுக்கும். உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்று அந்த வழியில் ஒரு வழக்கு இருக்கிறது. அதை யாரும் முதல் நாள் நம்புவதில்லை. மூன்றாம் நாள் தோள்பட்டை நம்பவைத்துவிடும். அப்போது விடுதிக் கூடங்களில் ஒரு சின்ன நாடகம் நடக்கும். மூட்டையைப் பிரித்துக் கொட்டி, ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, "இது எனக்கு வேண்டுமா?" என்று ஒவ்வொருவரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வார்கள். இரண்டாவது செருப்பு, மூன்றாவது சட்டை, தடித்த புத்தகம், மேற்பூச்சுப் புட்டி. எதிரே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்வியை வீட்டில் இருக்கும்போது யார் கேட்கிறார்கள்? அங்கே தோள் கேட்கிறது. பதிலும் கிலோக் கணக்கில் உடனே தெரிந்துவிடுகிறது. வேனில் போகிற மூட்டையை இந்தக் கேள்வி தொடுவதே இல்லை. வண்டிக்காரர் வைத்திருக்கும் எடை வரம்பைத் தொடும்வரை அது பெருத்துக்கொண்டே போகலாம்.

நான் முன்பு சொன்ன கலிக்ஸ்தினுஸ் சுவடியிலேயே ஒரு பிரசங்கம் இருக்கிறது. யாத்திரிகனின் பை எப்படி இருக்க வேண்டும் என்று அதில் விளக்குகிறார்கள். சின்னதாக, குறுகலாக இருக்க வேண்டும். அதிகம் கொண்டுபோகாமல் ஆண்டவனை நம்பிப் போகிறவன் என்பதற்கு அது அடையாளம். செத்த மிருகத்தின் தோலில் செய்திருக்க வேண்டும். உடம்பின் ஆசைகள் செத்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். வாய் கட்டாமல் எப்போதும் திறந்திருக்க வேண்டும்; இருப்பதை இல்லாதவனுக்குக் கொடுக்க. குதிரையில் போனவர்களும் கேட்ட பிரசங்கம்தான் இது. யார் சுமக்க வேண்டும் என்று அதிலும் பேச்சில்லை. எவ்வளவு சின்னது, யாருக்குத் திறந்திருக்கிறது என்பதே பேச்சு.

இதைப் படித்தபோது எனக்குச் சபரிமலை இருமுடி ஞாபகத்துக்கு வந்தது. நம் பக்கத்திலிருந்து மாலை போட்டுக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! அந்த மூட்டையில் முன்முடி சுவாமிக்கு, பின்முடி போகிறவனின் வழித்தேவைக்கு. தனக்கென்று உள்ள பங்கு எவ்வளவு என்று மூட்டை கட்டும்போதே அளந்துவிடுகிறார்கள். அதைத் தலையில் வைத்திருக்கிறவன்தான் பதினெட்டுப் படி ஏறலாம். பம்பையிலிருந்து சந்நிதானத்துக்கு இருமுடியை முன்கூட்டி அனுப்பி வைக்கிறோம் என்று யாராவது கம்பெனி வைத்தால் நாம் சிரிப்போம். சாப்பாட்டுப் பை, துணிப் பையை எல்லாம் வேனில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். இருமுடியைப் போட்டவர் இல்லை.

ஸ்பெயின் வழியில் மலைமேல் ஓர் இரும்புச் சிலுவை இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரத்தில், ஒரு நெட்டைக் கம்பத்தின் உச்சியில் நிற்கிறது. ஒவ்வொருவரும் தன் ஊரிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து அதன் அடியில் போட்டுவிட்டுப் போவது வழக்கம். மனத்தில் இருக்கிற பாரத்தை அங்கே இறக்கிவைப்பதாக ஐதீகம். கல் குவிந்து குன்றாகிவிட்டது. அங்கே ஓர் இளைஞர் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றார். கல் மூட்டையில் இருந்தது. மூட்டை வேனில் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. கீழே கிடந்த யாரோ ஒருவருடைய கல்லை எடுத்து, அதே இடத்தில் மறுபடி போட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

இந்த வழியைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். அவரும் மனைவியாரும் வரும் செப்டம்பரில் போகிறார்கள். சர்ரியா என்ற ஊரிலிருந்து சந்தியாகோ வரை, 115 கிலோமீட்டர், ஆறு நாள். சான்றிதழ் வாங்குகிறவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் அந்த ஊரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மனைவியாருக்கு முழங்கால் வலி. இரண்டு பெரிய பெட்டிகளையும் வேனில் அனுப்பிவிடலாம், எல்லாப் படுக்கைகளும் பிடித்தாயிற்று என்று டிராவல் ஏஜண்டு சொல்லிவிட்டாராம். 'மூட்டையை அனுப்பினால் யாத்திரையின் பலன் குறையுமா?' என்று கேட்டிருக்கிறார்.

பலன் கணக்கு எனக்குத் தெரியாது, ஐயா. ஆனால் சர்ரியாவுக்குச் சற்று முன்னால் திரியகஸ்தேலா என்று ஓர் ஊர் உண்டு. சந்தியாகோ கோவிலைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், யாத்திரிகர்கள் அந்த ஊரில் ஆளுக்கு ஒரு சுண்ணாம்புக் கல்லை எடுத்துக்கொண்டு, கஸ்தாஞேதா என்ற ஊர் வரை சுமந்துபோய்ப் போடுவார்களாம். கோவிலுக்கு வேண்டிய சுண்ணாம்பை அங்கே காளவாயில் சுட்டார்கள். இதுவும் அந்தப் பழைய கையேட்டில் இருக்கிற செய்திதான். தன் சாமானை எவன் தலையில் கட்டலாம் என்று அவர்கள் யோசிக்கவில்லை, தனக்குச் சொந்தமில்லாத கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நீங்கள் நடக்கப் போகிற ஆறு நாளில், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கஸ்தாஞேதா வழியில் வரும். சின்ன ஊர், பார்க்காமல் தாண்டிவிடாதீர்கள்.

அந்த இரண்டு பெட்டிகளையும் ஸ்பெயினில் இறங்கியவுடன் ஒரேயடியாகச் சந்தியாகோவுக்கு அனுப்பிவிடுங்கள். தபால் இலாகாவே வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து, நீங்கள் போய்ச் சேரும்போது கொடுக்கும். அது உங்களை எந்த ஊருக்கும் இழுக்காது. உங்கள் இருவருக்குமாக ஒரே மூட்டை கட்டுங்கள். அதை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். மனைவியார் கையில் தடி மட்டும் இருக்கட்டும். மாத்திரைகளையும் முழங்கால் கட்டையும் மேல் பையிலேயே வையுங்கள். ஏஜண்டு பிடித்த படுக்கைகளில் முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ளவற்றை விட்டுவிடுங்கள். அவற்றில் யாராவது படுத்துக்கொள்வார்கள். செப்டம்பரில் இடம் கிடைக்குமா என்று பயமாயிருந்தால் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். முழங்கால் ஒரு நாள் முரண்டு பிடித்தால் அந்த ஊரிலேயே தங்குங்கள். ஆறு நாள் ஏழு நாளாகட்டும், திரும்புகிற விமானத்துக்கு இரண்டு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள்.

இருவருக்கும் சேர்த்து எட்டுக் கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு இரண்டு மாற்றுத் துணி, ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, படுக்கும் பை. துண்டு ஒன்று, சோப்பு ஒன்று இரண்டு பேருக்கும் போதும். குடை வேண்டாம், அங்கே அடிக்கிற காற்றில் நிற்காது. காலுறை மட்டும் ஆளுக்கு மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிக்கனம் கூடாது. கலீசியாவில் மழை அதிகம்.